துவைப்பது யார், சுமப்பது யார்? நுண்ணிழை மாசும் பழவேற்காட்டு ஏரியும்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் சாலையில் திருப்பாலைவனத்தைக் கடந்ததும் நெல்வயல்கள் ஒதுங்கி உவர்மண் வெளி தொடங்கிவிடுகிறது. அதன் விளிம்பில் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் விரிந்து கிடக்க, தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இந்த ஏரியிலும், தெற்கே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்திலும் இருளர் பழங்குடியினர் வலையின்றி, படகின்றி இறால் பிடிக்கிறார்கள். நீரில் குனிந்தும் தவழ்ந்தும் சேற்றைக் கையால் துழாவி, அகப்படும் இறாலைப் பனையோலையில் முடைந்த பறிக்குள் போடுகிறார்கள். இரு கைகளும் சேற்றுக்குள் இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். நீர் வாய்வரை வந்து போகும் தொழில் அது.

அந்தச் சேற்றுக்கும், சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஞாயிறு காலை ஓடிக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷினுக்கும் என்ன தொடர்பு என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. துணி துவைக்கும் இயந்திரங்களிலிருந்து வெளியேறும் நுண்ணிழைகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும் என்னும் விவாதம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. இந்தியாவில் அது இன்னும் முறையாகத் தொடங்கவில்லை. தொடங்கும்போது யாரை நினைவில் நிறுத்தித் தொடங்கும் என்பதில்தான் நமக்கு அக்கறை இருக்க வேண்டும்.

முதலில், பொருளைப் புரிந்துகொள்வோம். எந்தத் துணியும் துவைக்கும்போது தேய்கிறது. தேயும்போது நூலின் முனைகள் ஒடிந்து, கண்ணுக்குத் தெரியாத இழைத்துண்டுகளாக நீரில் கலக்கின்றன. இவையே நுண்ணிழைகள். துணி பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் ஆகியவற்றால் ஆனதாக இருந்தால் ஒடியும் இழையும் நெகிழியே. இன்று உலகில் உற்பத்தியாகும் துணியிழைகளில் பாதிக்கும் மேல் பாலியெஸ்டர்தான். மலிவானது, சீக்கிரம் உலர்வது, சாயம் எளிதில் போகாதது. கூலி உழைப்பாளர் வீட்டுப் புடவையும் பள்ளிச் சீருடையும் பெரும்பாலும் அதனால் ஆனவைதாம்.

2011இல் வெளிவந்த ஆய்வாளர் மார்க் பிரௌனின் குழுவினரது ஆய்வு, ஓர் ஆடையை ஒரு முறை துவைத்தால் 1,900க்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறக்கூடும் என்று காட்டியது. உலகின் கடற்கரைகளில் கிடைக்கும் நுண்ணிழைகள் துவைநீர் இழைகளை ஒத்திருக்கின்றன என்பதையும் அந்த ஆய்வே கவனத்துக்குக் கொண்டுவந்தது. 2016இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் நேப்பர், தாம்சன் இருவரும் செய்த சோதனையில், 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு முறை துவைத்தபோது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறும் என்று கணக்கிடப்பட்டது. கடலில் நேரடியாகச் சேரும் நுண்நெகிழியில் ஏறத்தாழ 35 விழுக்காடு செயற்கைத் துணிச் சலவையிலிருந்து வருகிறது என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2017இல் மதிப்பிட்டது.

இங்கே ஒரு திருத்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020இல் ஆறு கடற்பகுதிகளிலிருந்து எடுத்த 916 நீர் மாதிரிகளை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, மிதக்கும் இழைகளில் 8 விழுக்காடு அளவே செயற்கை இழை என்றும், எஞ்சியவை பெரும்பாலும் பருத்தி போன்ற தாவர இழைகள் என்றும் கண்டது. இதைக் கொண்டு பிரச்சினை பொய் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் அந்தப் பருத்தி வயலிலிருந்து நேரே கடலுக்குப் போனதல்ல. சாயமும் மெருகூட்டும் வேதிப்பொருள்களும் ஏறிய பருத்தி அது. எனவே சட்டம் நெகிழியிழையை மட்டும் எண்ணாமல், துணியிலிருந்து உதிரும் எல்லா இழையையும் எண்ண வேண்டும். வடிகட்டிக்கு எது பருத்தி, எது பாலியெஸ்டர் என்று தெரியாது, எல்லாவற்றையும் பிடிக்கும்.

எந்த இயந்திரம், எப்படித் துவைக்கிறது என்பதும் கணக்கை மாற்றுகிறது. மேல்புறம் திறக்கும் இயந்திரங்கள் முன்புறம் திறப்பவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக இழைகளை உதிர்க்கின்றன என்று 2016இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு கூறியது. இந்திய வீடுகளில் மலிவு கருதி அதிகம் வாங்கப்படுவது மேல்புறம் திறக்கும் வகைதான். மறுபுறம், சீனாவில் நடந்து 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே பாலியெஸ்டர் துணி கையால் துவைத்தபோது சராசரியாக 1,853 துண்டுகளையும், இயந்திரத்தில் துவைத்தபோது 23,723 துண்டுகளையும் உதிர்த்தது. இந்தியாவின் பெரும்பான்மைக் குடும்பங்களில் இன்றும் துணி துவைக்கும் இயந்திரம் இல்லை. கையால் துவைக்கிறார்கள், அல்லது இன்னொருவரின் கைகள் அவர்களுக்காகத் துவைக்கின்றன. மாசின் பெரும்பங்கு யாரிடமிருந்து தொடங்குகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏரியின் அடித்தளம்

வட சென்னையின் வடிநீர் பக்கிங்காம் கால்வாய் வழியாகவும் கொசஸ்தலை ஆற்றின் வழியாகவும் எண்ணூர் கழிமுகத்தை அடைகிறது. 1806இல் தொடங்கிப் படிப்படியாக நீட்டப்பட்ட அதே கால்வாய் எண்ணூரையும் பழவேற்காட்டையும் இணைக்கிறது. மேற்கேயிருந்து ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பொன்னேரி வட்டாரங்களின் நீரைச் சுமந்துவந்து ஏரியில் சேர்க்கிறது. கடலோர நீரோட்டமும் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே மணலை நகர்த்துகிறது. நகரம் எதைக் கழித்தாலும் அதில் ஒரு பங்கு வடக்கே வந்து சேர வழிகள் ஒன்றல்ல, பல.

வந்து சேர்ந்த இழை மிதந்துகொண்டிருப்பதில்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நெகிழி என்றதும் மிதக்கும் பையும் புட்டியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் மூன்றும் கடல்நீரைவிட அடர்த்தி மிக்கவை. ஓட்டம் குறைந்த இடத்தில் அவை மெல்லக் கீழே இறங்கும். பழவேற்காடு ஆழமற்ற ஏரி. பல இடங்களில் ஓர் ஆள் நின்றால் நீர் மார்பைத் தாண்டாது. முகத்துவாரம் அடிக்கடி மணலால் தூர்ந்துபோவதால் கடலுடனான நீர்மாற்றமும் தடைப்படுகிறது. நன்னீர் உவர்நீரோடு கலக்கும் இடத்தில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு படிவது இயற்கை. ஆகவே இழைகள் போய்ச் சேரும் இடம் சேறு. இறால் மேய்வது சேற்றில். இருளர் பெண்ணின் கை துழாவுவதும் அதே சேற்றில்.

கேரளத்தில் கொச்சிக் கடலோரத்து வெள்ளை இறாலை ஆராய்ந்து 2020இல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகளில், இறாலின் உடலில் காணப்பட்ட நுண்நெகிழியில் இழைவடிவமே மேலோங்கியிருந்தது. பழவேற்காட்டில் பிடிபடும் வெள்ளை இறாலும் அதே இனந்தான். ஏற்றுமதிக்குப் போகும் பெரிய இறாலின் தலையும் குடலும் நீக்கப்படுகின்றன; அத்தோடு இழைகளும் பெருமளவு நீங்கிவிடும். சந்தையில் விலைபோகாத பொடி இறாலையும் சிறு மீனையும் கருவாட்டையும் முழுதாகச் சமைத்துத் தின்பவர்கள் யார் என்பதைக் குப்பத்துக் குடிசைகளில் அறியலாம். உணவில் நுண்நெகிழியை அளக்கும் முறைகளை வகுக்கும் திட்டம் ஒன்றை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024இல் அறிவித்தது. அந்த அளவீடு அங்காடி அலமாரியோடு நின்றுவிடாமல் இந்தக் குடிசைகளின் அடுப்படிக்கும் வர வேண்டும்.

உடலுக்கு என்ன தீங்கு? உண்பதால் வரும் தீங்கைத் திட்டவட்டமாகச் சொல்லச் சான்று போதாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கூறியது. இந்த நிதானத்தை மதிக்கிறோம். ஆனால் ஒன்றை மறக்க முடியாது. செயற்கை நுண்ணிழை நுரையீரலைக் கெடுக்கும் என்பதை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்தது 1990களில், வட அமெரிக்காவின் நைலான் துகளிழை ஆலைகளில் வேலைசெய்த தொழிலாளர்களின் உடல்களிலிருந்துதான். பஞ்சாலைத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயும் அப்படியே அறியப்பட்டது. சான்று சேரும்வரை காத்திருங்கள் என்று சொல்லப்படும்போதெல்லாம், அந்தச் சான்று யார் உடலில் சேர்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பாட்டில் இடமில்லாதவர்கள்

பழவேற்காட்டு மீன்பிடிப்பில் 'பாடு' என்றொரு மரபு உண்டு. இறால் மிகுந்து கிடைக்கும் இடங்களைப் பட்டினவர் ஊர்களின் உறுப்பினர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. பொதுவளத்தைச் சண்டையின்றிப் பகிரும் நல்ல முன்மாதிரி என்று ஆய்வாளர்கள் பலர் அதைப் போற்றியிருக்கிறார்கள். அந்தப் போற்றுதலில் உண்மை இருக்கிறது. அதே பாடு, பிறப்பால் உறுப்புரிமையைத் தீர்மானிக்கிறது என்பதும் உண்மை. ஏரியை நம்பி வாழும் தலித் மீனவர்களும் இருளர்களும் அந்த முறைவரிசைக்கு வெளியே, எஞ்சிய நீரில், எஞ்சிய நேரத்தில் பிழைக்க வேண்டியிருக்கிறது. பட்டினவர்களும் செல்வந்தர்கள் அல்லர். துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் அவர்கள் வாழ்வையும் நெருக்குகின்றன. ஆனால் ஓரிடத்தில் வளம் குன்றினால் படகுள்ளவர் வேறிடம் போக முடியும். கையால் துழாவுபவர் எங்கே போவார்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் பரவியதை நாம் பார்த்தோம். படகுகள் கறுத்தன, வலைகள் கறுத்தன, செய்திப்படங்கள் வந்தன, இழப்பீடு குறித்த பேச்சும் வந்தது. கண்ணுக்குத் தெரிந்த மாசுக்கே இத்தனை போராட்டம் தேவைப்பட்டது. நுண்ணிழைக்கு நிறமில்லை, நாற்றமில்லை, ஒரே நாளில் நிகழ்வதும் இல்லை. அதனால் இறால் குறைந்தாலும் இழப்பீட்டு மனுவில் எழுத ஒரு தேதிகூடக் கிடையாது.

இதில் இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 'பழவேற்காட்டு இறாலில் பிளாஸ்டிக்' என்று மட்டும் ஒரு செய்தி பரவினால் விலை வீழும். அந்த அடியை முதலில் வாங்குபவர் அன்றாடம் பிடித்து அன்றே விற்பவர். துவைத்தவரின் பெயர் செய்தியில் இருக்காது. அழுக்கை உண்டாக்கியவர் தூய்மையானவராகவும், அதைத் தொட்டவர் தீட்டுப்பட்டவராகவும் ஆகும் கணக்கு இந்தச் சமூகத்துக்குப் புதிதல்ல.

வெளிநாடுகளில் நடந்தது

பிரான்ஸ் 2020 பிப்ரவரியில் இயற்றிய கழிவு ஒழிப்புச் சட்டத்தின் 79ஆவது பிரிவு, 2025 ஜனவரி 1 முதல் விற்கப்படும் புதிய துணி துவைக்கும் இயந்திரங்களில் நுண்ணிழை வடிகட்டி இருக்க வேண்டும் என்றது. உலகில் இவ்வகையில் முதல் சட்டம் அதுவே. ஆனால் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய ஆணை உரிய காலத்தில் வெளிவரவில்லை. கலிபோர்னியாவில் 2023இல் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது: 2029 முதல் விற்கப்படும் இயந்திரங்களில் 100 மைக்ரானுக்கு மிகாத கண்ணளவுள்ள வடிகட்டி கட்டாயம். நுகர்வோருக்குச் செலவு கூடும் என்று கூறி ஆளுநர் கவின் நியூசம் அதே ஆண்டு அக்டோபரில் அதைத் தடுத்துவிட்டார். நெகிழி மாசு குறித்த பன்னாட்டு ஒப்பந்தப் பேச்சும் 2024இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடின்றி முடிந்தது.

வடிகட்டி பயன் தருமா என்ற ஐயத்துக்கு விடை கனடாவின் பாரி சவுண்ட் என்னும் சிற்றூரிலிருந்து கிடைத்தது. அங்கே 97 வீடுகளின் இயந்திரங்களில் வடிகட்டி பொருத்தினார்கள். ஊரின் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த வீடுகளில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் நுண்ணிழை 41 விழுக்காடு குறைந்தது என்று 2021இல் அறிக்கை வந்தது. எல்லா வடிகட்டியும் ஒன்றல்ல. பிளிமத் குழுவினர் ஆறு கருவிகளை ஒப்பிட்டபோது சிறந்தது 78 விழுக்காட்டைக் குறைத்தது, சில மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஆகவே 'வடிகட்டி இருக்க வேண்டும்' என்று மட்டும் எழுதிய சட்டம் பயன்படாது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று அளவிட்டு எழுத வேண்டும்.

இந்தியாவில் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2024 மார்ச்சில் செய்த திருத்தம், 1 மைக்ரான் முதல் 1,000 மைக்ரான் வரையுள்ள, நீரில் கரையாத திண்ம நெகிழித் துகளே நுண்நெகிழி என்று வரையறுத்தது. வரையறை வந்தது; துணியிலிருந்து உதிரும் இழைக்கான கட்டுப்பாடு வரவில்லை. வாஷிங் மெஷின் மேல் ஒட்டப்படும் நட்சத்திர முத்திரை மின்சாரத்தையும் நீரையும் கணக்கிடுகிறது. வெளியேறும் இழையை அல்ல.

வடிகட்டியில் சிக்கியது எங்கே போகும்?

பணக்கார நாடுகளின் விவாதம் பெரும்பாலும் வடிகட்டியோடு நின்றுவிடுகிறது. நமக்கு அங்கேதான் தொடங்குகிறது. அரைத் தானியங்கி இயந்திரம் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் பாருங்கள்: உள்ளே ஒரு சிறு வலைப்பை இருக்கும், அதில் பஞ்சு போல நூல் திரண்டிருக்கும், அதைக் குழாயடியில் பிதுக்கி அலசிவிடுவதே வழக்கம். பிடித்த இழை அதே சாக்கடைக்குத் திரும்பிவிடுகிறது. நுண்மையான வடிகட்டி வந்தாலும் அதை அலசிவிட்டால் கதை அதேதான். குப்பையில் போட்டால், அதை வெறுங்கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர்.

சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்குப்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,236 மில்லியன் லிட்டர், அதாவது 28 விழுக்காடு. மிச்சம் நேரே ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும். சுத்திகரித்தாலும் முடிவதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு நிலையத்தை ஆராய்ந்தபோது, 98 விழுக்காடு துகள்களை நீக்கிய பின்னும் நாளொன்றுக்கு 6.5 கோடி துகள்கள் ஆற்றில் கலப்பது தெரிந்தது. நீக்கப்பட்டவை மாயமாவதில்லை, அவற்றில் பெரும்பங்கு கசடாகிறது. அந்தக் கசடை அள்ளுபவர், உலர்த்துபவர், ஏற்றிச்செல்பவர் யார்?

விடையை இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மனிதக் கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. கழிவுநீர்க் குழியில் இறப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இலும், அதை 30 லட்சமாக உயர்த்தி 2023 அக்டோபரிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 முதலான கணக்கில் அத்தகைய மரணங்கள் மிகுதியாகப் பதிவான மாநிலம் தமிழ்நாடு. குழிக்குள் மனிதரை இறக்கும் ஒரு நாட்டில், கழிவில் சேரும் ஒவ்வொரு புதிய பொருளும் சாதியின் வழியாகவே பயணம் செய்கிறது. சட்டம் எழுதுபவர் இதை அறியாமல் எழுதினால், நுண்ணிழை ஏரியிலிருந்து தப்பித் தூய்மைப் பணியாளரின் கைக்கு வந்து சேரும். அவ்வளவே மாற்றம்.

சலவையே நம் நாட்டில் சாதித் தொழில் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார்கள், ஒடுக்கப்பட்டோராலும் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கென நல வாரியம் அமைந்ததே 2009இல்தான். பழவேற்காடு ஒரு காலத்தில் துணியால் உலகறிந்த ஊர். 1613இல் கோட்டை எழுப்பிய டச்சுக்காரர்கள் இங்கிருந்து பருத்தித் துணியைத் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினார்கள். பஞ்ச காலங்களில் மனிதரையும் அடிமைகளாக ஏற்றினார்கள். சென்னையின் வண்ணாரப்பேட்டை, கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் பெற்ற பெயர் அது. துணியின் வரலாற்றில் நெய்தவர், வெளுத்தவர், சுமந்தவர் பெயர்கள் இல்லை. நுண்ணிழைச் சட்டம் என்ற பெயரில் படித்துறைகளில் துவைப்போருக்கு அபராதம் விதிக்கும் ஏற்பாடு ஏதும் நுழைந்தால், அது அந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே இருக்கும். கையால் துவைப்பவர் உதிர்ப்பது இயந்திரம் உதிர்ப்பதில் ஒரு சிறு பங்கு என்பதை மேலே கண்டோம்.

நமக்கான சட்டம் எப்படி இருக்க வேண்டும்

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது, வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் அதே தீர்ப்பில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு பழவேற்காட்டின் பெயரையே சொல்கிறது. இறால் பண்ணைகளுக்கு எதிராக எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. கீழவெண்மணிக்குப் பின் கீழத்தஞ்சையில் தலித் பெண்களுக்கு நிலம் பெற்றுத்தரப் பாடுபட்ட கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையரில் ஒருவர் அவர். நிலவுரிமையும் நீருரிமையும் வேறல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியைச் சுற்றிவந்துவிட்டது என்பது வேறு கதை. எனினும் ஏரிக்கு வெளியே தோன்றும் மாசை அதன் மூலத்திலேயே நிறுத்தலாம் என்பதற்கு இந்த ஏரியின் பெயரிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

அந்த முன்னுதாரணத்தின்படி, பொறுப்பு முதலில் இயந்திரம் செய்பவருக்கு. புதிய சட்டம் என்று அஞ்ச வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்கீழ் வாஷிங் மெஷின் தயாரிப்பாளர்கள் ஏற்கெனவே பதிவுசெய்து, பழைய இயந்திரங்களின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள். இயந்திரத்தைப் பொறுப்பேற்பவர் அதன் வடிகட்டியில் நிறைந்ததையும் பொறுப்பேற்கட்டும். வடிகட்டி திறந்து அலசுவதாக அல்லாமல், மூடிய உறையாக, கடையில் திருப்பித் தந்து புதியது பெறுவதாக இருக்கட்டும். திரும்பப் பெற்றதை எரிப்பதோ புதைப்பதோ நிறுவனத்தின் கணக்கில், இயந்திரங்களால், கையுறை அணிந்த நிரந்தரப் பணியாளர்களால் நடக்கட்டும்.

ஆனால் வீடுகளிலிருந்து தொடங்குவதைவிட, மருத்துவமனை, விடுதி, ரயில்வே ஆகியவற்றின் பெரிய சலவைக்கூடங்களிலிருந்து தொடங்குவதே விரைவில் பயன்தரும். அவை எண்ணிக்கையில் குறைவு. வெளியேறும் குழாய் கண்ணுக்குத் தெரியும். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே இசைவாணையில் ஒரு நிபந்தனையாக இதைச் சேர்க்கலாம். டெல்லிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆலைகளையும் விட முடியாது. புதிய துணி முதல் சில துவைப்புகளில்தான் மிகுதியாக உதிர்க்கிறது. விற்பனைக்கு முன், உற்பத்தியின்போதே ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 லட்சம் டன் செயற்கை நுண்ணிழை உலகச் சூழலில் கலப்பதாக 2021இல் ஒரு பன்னாட்டு மதிப்பீடு வந்தது. நொய்யலைக் கொன்ற பிறகே, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளைக் கழிவுநீரே வெளியேற்றாத முறைக்கு மாறக் கட்டாயப்படுத்தியது. முதல் துவைப்பை ஆலைக்குள் முடித்து, அங்கேயே இழையைப் பிடிப்பது அத்தகைய கட்டமைப்பு உள்ள மாநிலத்துக்கு இயலாததல்ல.

விலை உயரும் என்ற எதிர்வாதம் இங்கும் வரும். உயரட்டும். வாஷிங் மெஷின் வாங்க இயல்பவர் அதைச் சில நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்து வாங்குவதும், பறியைப் பல்லில் கவ்வியவர் தன் பிடியிலும் உடலிலும் அந்த விலையைக் கொடுப்பதும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கத்தக்கவை. பாலியெஸ்டரைத் தடைசெய் என்ற குரலை மட்டும் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். பருத்தி உடுத்த முடியாதவரின் உடையைப் பறிப்பதில் அது முடியலாம். மீனவர்களின் நைலான் வலையும் கயிறும் தேய்ந்து இழை உதிர்ப்பதை நாம் மறைக்க வேண்டாம். பழைய வலையை விலைகொடுத்துத் திரும்பப் பெறும் ஏற்பாடே அதற்கு உதவும், குற்றப்பட்டியல் உதவாது.

கடைசியாக அளவீடு. மாதிரிகளை நடுக்கடலில் எடுப்பதோடு, கையால் இறால் பிடிக்கும் இடங்களின் சேற்றிலும் பருவந்தோறும் எடுக்க வேண்டும். எந்தச் சேறு எப்போது மாறுகிறது என்பதைக் கையால் அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைத் தகவல் தருபவர்களாக மட்டும் அழைத்து அனுப்பிவிடாமல், ஊதியம் பெறும் கண்காணிப்பாளர்களாக அமர்த்த வேண்டும்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரைவு விதி ஒன்று வெளியாகும்போது, ஆட்சேபம் தெரிவிக்க வழக்கமாக 60 நாள் தரப்படுகிறது. வரைவு வருவது ஆங்கிலத்திலும் இந்தியிலும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னபோது, ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நுண்ணிழை குறித்த வரைவு என்றாவது வரும். அதைத் தமிழில் பெயர்த்து, அறுபது நாளுக்குள் திருப்பாலைவனத்திலும் ஏரிக்கரைக் குப்பங்களிலும் இருளர் குடியிருப்புகளிலும் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்பும் வேலையை இப்போதே பொறுப்பேற்க மாணவர் அமைப்புகள் ஆயத்தமாகலாம்.